அணைந்த அடுப்பின் சூடு

அண்டவியலின் வரலாற்றை எழுத முற்படுகிறவர்கள் எல்லோரும் 1965ஆம் ஆண்டில் சற்று நின்றுதான் மேலே செல்கிறார்கள். அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், ஹோம்டெல் என்ற ஊரில், கொம்பு வடிவ ஆன்டெனா ஒன்றைக் கொண்டு ஆர்னோ பென்சியாஸும் ராபர்ட் வில்சனும் வானத்தின் எல்லாத் திசைகளிலிருந்தும் ஒரே அளவில் வந்துகொண்டிருந்த மெல்லிய இரைச்சலை அறிவித்த ஆண்டு அது. பெருவெடிப்பின் எஞ்சிய வெப்பம் என்று அந்த இரைச்சல் அடையாளம் காணப்பட்டது. 1978இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. பள்ளிப் பாடநூல்கள் வரைக்கும் அந்தக் கதை வந்து சேர்ந்துவிட்டது.

அதே 1965இல் கலிஃபோர்னியத் தொழில்நுட்பக் கழகத்திலிருந்து இன்னொரு கட்டுரை வெளிவந்தது. சில பக்கங்கள்தான். எழுதியவர்கள் ஜேம்ஸ் கன், புரூஸ் பீட்டர்சன் என்ற இரு இளைஞர்கள். பொது வாசகரின் நினைவில் அக்கட்டுரைக்கு இடமில்லை. காரணம் எளிது. பென்சியாஸும் வில்சனும் இருந்த ஒன்றைக் கண்டார்கள். இவர்கள் இருந்திருக்க வேண்டிய ஒன்று காணவில்லை என்று எழுதினார்கள். அந்த இன்மையிலிருந்து தொடங்கி, விண்மீன் மண்டலங்களுக்கு இடையே கிடக்கும் வாயுவின் சூட்டைக் கொண்டு அண்டத்தின் இளமைக் காலத்தைப் படிக்கக் கற்றுக்கொண்ட கதைதான் இக்கட்டுரை.

*

காணாமல்போனது ஹைட்ரஜன். அண்டத்தில் மிகுதியாக உள்ள தனிமம் அது. அந்த அணுவுக்கென்று சில அலைநீளங்கள் உண்டு. அவற்றை மட்டும் அது விழுங்கும், அல்லது உமிழும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் தியோடர் லைமன் புற ஊதாப் பகுதியில் அவ்வகைக் கோடுகளின் வரிசையொன்றைக் கண்டறிந்தார். அவற்றுள் முதன்மையான லைமன் ஆல்ஃபா கோட்டின் அலைநீளம் 1216 ஆங்ஸ்ட்ராம். நமது காற்றுமண்டலம் இந்த ஒளியைத் தரையை எட்டவிடாது. ஆனால் மிகத் தொலைவிலிருந்து வரும் ஒளிக்கு வேறொரு வழி இருக்கிறது. அண்டம் விரியும்போது ஒளியின் அலையும் கூடவே நீள்கிறது. நீண்ட பயணத்தின் முடிவில் புற ஊதா ஒளி கண்ணுக்குத் தெரியும் ஒளியின் விளிம்பை அடைந்து, தரையிலுள்ள தொலைநோக்கிகளிலும் விழுகிறது. இந்த நீட்சியைத்தான் செம்பெயர்ச்சி என்கிறார்கள்.

1963இல் மார்ட்டன் ஷ்மிட் குவாசார்கள் எனப்படும் பேரொளிப் பிறவிகளின் தொலைவை முதன்முதலாக விளங்கிக்கொண்டார். 1965இல் 3சி 9 என்ற குவாசாரின் செம்பெயர்ச்சி 2.01 என்று அவரே அளந்தார். அதன் ஒளி புறப்பட்டபோது அண்டத்தின் வயது ஏறத்தாழ 330 கோடி ஆண்டுகள். இன்றைய வயது 1380 கோடி. கன்னும் பீட்டர்சனும் எடுத்துக்கொண்டது இந்தக் குவாசாரைத்தான்.

அவர்களுடைய தர்க்கம் அழகானது. குவாசாரிலிருந்து 1216க்குக் குறைவான அலைநீளத்தோடு கிளம்பும் ஒளி, வரும் வழியில் நீண்டு நீண்டு, ஏதோ ஓரிடத்தில் சரியாக 1216 ஆகும். அந்த இடத்தில் ஹைட்ரஜன் அணு இருந்தால் அதை விழுங்கிவிடும். கொஞ்சம் கூடுதல் அலைநீளத்தோடு கிளம்பியது சற்று முன்னதாகவே விழுங்கப்படும்; குறைவாகக் கிளம்பியது இன்னும் தூரம் வந்து விழுங்கப்படும். வழி நெடுகிலும் ஹைட்ரஜன் நிறைந்திருந்தால் நிறமாலையில் அக்கோட்டுக்கு நீலப் பக்கம் முழுவதும் இருண்டு கிடக்க வேண்டும். ஹைட்ரஜனில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு முழு அணுவாக எஞ்சியிருந்தாலே இருட்டுக்குப் போதும். ஆனால் 3சி 9இன் நிறமாலையில் அப்பகுதி சற்று மங்கியிருந்ததே தவிர, இருளவில்லை.

இதற்கு இரண்டு விளக்கங்கள்தான் இருக்க முடியும். மண்டலங்களுக்கு இடையில் வாயுவே இல்லாமல் இருக்கலாம். அல்லது இருக்கிற வாயுவின் ஒவ்வோர் அணுவும் தன் எலெக்ட்ரானை இழந்து, அயனியாகி, ஒளியை விழுங்கும் திறனற்றுப் போயிருக்கலாம். அண்டத்துப் பொருள் அனைத்தும் மிச்சமின்றி விண்மீன்களாகிவிட்டது என்று நம்புவது கடினம். எனவே இரண்டாவது விளக்கமே நிலைத்தது. அயனியாவதற்கு ஆற்றல் வேண்டும். யாரோ எங்கோ நெருப்பு மூட்டியிருக்கிறார்கள். அண்டம் முழுவதும் ஒருமுறை சுட்டிருக்கிறது.

*

நெருப்பு எப்போது மூட்டப்பட்டது என்ற கேள்வி அடுத்துப் பிறந்தது. பெருவெடிப்புக்குப் பின் ஏறத்தாழ 3,80,000 ஆண்டுகளில், வெப்பநிலை 3000 கெல்வின் அளவுக்கு இறங்கியபோது, எலெக்ட்ரான்களும் புரோட்டான்களும் சேர்ந்து முழு அணுக்களாயின. அதன் பிறகு ஒளிமூலம் எதுவும் இல்லாத நீண்ட இருட்காலம். முதல் விண்மீன்கள் தோன்றி, அவற்றின் புற ஊதாக் கதிர்கள் அணுக்களை மீண்டும் உடைத்தபோது அந்தக் காலம் முடிந்தது. இந்த இரண்டாம் உடைவுக்கு மறு அயனியாக்கம் என்று பெயர்.

கன்னும் பீட்டர்சனும் எதிர்பார்த்த முழு இருட்டைக் காண 36 ஆண்டுகள் ஆயின. 2001இல் ராபர்ட் பெக்கரும் அவருடைய குழுவினரும் 6.28 செம்பெயர்ச்சி கொண்ட ஒரு குவாசாரின் நிறமாலையில் ஒளி முற்றிலும் அற்றுப்போன பகுதியைக் காட்டினார்கள். அண்டத்தின் வயது 90 கோடி ஆண்டுகளை எட்டாத காலம் அது. அந்தக் குவாசார் ஸ்லோன் வான அளவைத் திட்டத்தில் கண்டறியப்பட்டது. அத்திட்டத்தின் பெரிய கேமராவை வடிவமைத்து உருவாக்குவதில் முன்னின்றவர் அதே ஜேம்ஸ் கன். இளமையில் எழுப்பிய கேள்விக்கு விடை தேடும் கருவியை முதுமையின் வாசலில் தன் கையாலேயே செய்துகொடுக்கும் பேறு எத்தனை பேருக்கு வாய்க்கும்?

ஆனால் இருட்டுக்கு ஒரு குறைபாடு உண்டு. மிகச் சிறிதளவு ஹைட்ரஜனுக்கே நிறமாலை முழுவதும் இருண்டுவிடுவதால், அதற்கு அப்பால் எவ்வளவு இருந்தது என்று இருட்டு சொல்லாது. கதவு மூடியிருக்கிறது என்பது தெரியும்; உள்ளே என்ன நடந்தது என்பது தெரியாது. அங்கேதான் சூடு உதவிக்கு வருகிறது. காலையில் ஒருவர் வீட்டுச் சமையலறைக்குள் நுழைந்து அடுப்புச் சாம்பலைத் தொட்டுப் பார்த்து, இரவு எப்போது அடுப்பை அணைத்தார்கள் என்று ஓரளவு சொல்லிவிட முடியும். நெருப்பைக் கண்ணால் பார்த்திருக்க வேண்டியதில்லை.

*

மண்டலங்களுக்கு இடைப்பட்ட வாயு கற்பனைக்கு எட்டாத அளவுக்கு மெல்லியது. இன்றைய அண்டத்தில் சராசரியாக நான்கு கன மீட்டருக்கு ஏறத்தாழ ஓர் அணு. அதன் வெப்பநிலை 10,000 கெல்வின் என்று சொன்னாலும் அதில் கை நீட்டினால் சுடாது. சுடுவதற்கு அங்கே போதுமான துகள்கள் இல்லை. இந்த மென்மையே அதன் நினைவாற்றலுக்குக் காரணம். அடர்ந்த வாயுவில் துகள்கள் ஓயாமல் மோதி, ஒளியை உமிழ்ந்து, விரைவில் ஆறிவிடும். இங்கே மோதல்கள் அரிது. அண்டத்தின் விரிவு ஒன்றே பெரும்பாலும் அதைக் குளிர்விக்கிறது. அதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகள் பிடிக்கும். 1994இல் ஜோர்டி மிரால்டா எஸ்குடேயும் மார்ட்டின் ரீஸும் இந்த ஆறுதலின் மெதுவைக் கணக்கிட்டு, மறு அயனியாக்கம் நடந்த காலத்தின் சுவடு வாயுவின் வெப்பநிலையில் தங்கியிருக்கும் என்று காட்டினார்கள்.

தொட முடியாத தொலைவிலுள்ள வாயுவின் சூட்டை எப்படி அளப்பது? குவாசார்களின் நிறமாலையே வெப்பமானியானது. 1971இல் ரோஜர் லிண்ட்ஸ், ஒரு குவாசாரின் லைமன் ஆல்ஃபா கோட்டுக்கு நீலப் பக்கம் மெல்லிய இருட்கோடுகள் நெருக்கமாக நிற்பதைக் கவனித்தார். வாயு முழுவதும் அயனியானாலும் அடர்த்தி சற்றுக் கூடிய இடங்களில் கொஞ்சம் முழு அணுக்கள் எஞ்சும். ஒவ்வொரு கோடும் அப்படிப்பட்ட ஒரு திரளின் நிழல். 1980இல் வாலஸ் சார்ஜென்ட்டும் உடன் பணியாற்றியவர்களும் இக்கோடுகள் குவாசாரைச் சேர்ந்தவை அல்ல, வழியிலுள்ள வாயுவுக்கு உரியவை என்பதை நிறுவினார்கள். மரங்களைப் போல நெருங்கி நிற்பதால் இவற்றுக்கு லைமன் ஆல்ஃபா காடு என்ற பெயர் வழங்குகிறது.

ஒவ்வொரு கோட்டுக்கும் ஓர் அகலம் உண்டு. வாயு சூடாக இருந்தால் அணுக்கள் வேகமாக அலைகின்றன. நம்மை நோக்கி வருபவையும் விலகிச் செல்பவையும் சற்று வேறுபட்ட அலைநீளங்களை விழுங்க, கோடு அகன்றுவிடுகிறது. 10,000 கெல்வினில் ஹைட்ரஜன் அணுக்களின் அலைச்சல் நொடிக்கு ஏறத்தாழ 13 கிலோமீட்டர். அண்ட விரிவும் வாயுவின் ஓட்டமும்கூடக் கோட்டை அகலப்படுத்தும் என்பதால் எந்தக் கோட்டை வேண்டுமானாலும் நம்பிவிட முடியாது. மிகக் குறுகிய கோடுகளைப் பொறுக்கி எடுக்க வேண்டும். அவற்றின் அகலத்துக்குக் கீழே இறங்க வெப்பம் விடாது. 1990களில் ஹவாயின் கெக் தொலைநோக்கியில் பொருத்தப்பட்ட நுண்ணிய நிறமாலைமானி இந்தப் பொறுக்கலைச் சாத்தியமாக்கியது.

*

கிடைத்த விடை எதிர்பார்த்ததைவிடச் சுவாரசியமானது. ஒருமுறை சூடாகிப் பின் சீராக ஆறிக்கொண்டே வரும் வாயுவைத்தான் எளிய கணக்கு சொல்லும். 2000ஆம் ஆண்டில் யோப் ஷாயும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட அளவீடுகளில் செம்பெயர்ச்சி 3ஐ ஒட்டி, அதாவது அண்டத்துக்கு 200 கோடி ஆண்டுகள் கடந்த நிலையில், வெப்பநிலை மீண்டும் மேலே ஏறியிருந்தது. பின்னர் வந்த நுட்பமான அளவீடுகள் இந்தச் சித்திரத்தை உறுதிப்படுத்தின. 120 கோடி ஆண்டு வயதில் வாயு ஏறத்தாழ 7000 முதல் 8000 கெல்வின். 200 கோடியைத் தாண்டும்போது 14,000, 15,000 என்ற அளவு. 330 கோடியை அடைவதற்குள் திரும்பவும் இறக்கம்.

ஆறிக்கொண்டிருந்த அடுப்பில் யாரோ மறுபடியும் விறகு வைத்திருக்கிறார்கள். அந்த விறகு ஹீலியம். ஹைட்ரஜனின் எலெக்ட்ரானைப் பிரிக்க 13.6 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் போதும்; ஹீலியத்தின் இரண்டாவது எலெக்ட்ரானைப் பிரிக்க அதைப் போல் நான்கு மடங்கு, 54.4 வேண்டும். சாதாரண விண்மீன்களின் ஒளியில் அத்தனை வலு இல்லை. குவாசார்கள் பெருகிய காலத்தில்தான் அந்த வலுவான கதிர்கள் அண்டமெங்கும் பரவின. அணுவை உடைத்தது போக எஞ்சிய ஆற்றல் விடுபட்ட எலெக்ட்ரானின் வேகமாகி, வாயுவின் சூடாகிறது. இதற்குத் தனிச் சாட்சியும் உண்டு. 1994இல் பீட்டர் யாகப்சன் குழுவினர் ஹபிள் விண்தொலைநோக்கியின் மூலம், 3.286 செம்பெயர்ச்சி கொண்ட குவாசார் ஒன்றில் ஹீலியத்தின் 304 ஆங்ஸ்ட்ராம் கோடு உண்டாக்கிய இருட்டைக் கண்டிருந்தார்கள். கன்னும் பீட்டர்சனும் ஹைட்ரஜனுக்குச் சொன்ன அதே தர்க்கம், இம்முறை ஹீலியத்தில்.

ஆனால் இந்த இரண்டாம் சூடு வரலாற்றாசிரியனுக்கு ஒரு இழப்பும்கூட. வாயுவுக்கு நினைவு உண்டு என்று சொன்னோம், மறதியும் உண்டு. 1997இல் லாம் ஹூயும் நிக்கலாய் நெடினும், அயனியான வாயு போதிய காலம் சென்றபின் எங்கே தொடங்கியது என்பதை மறந்து, தன் மீது விழும் கதிர்வீச்சின் தன்மைக்கேற்ற ஒரு பொதுவான நிலையை நோக்கிச் செல்கிறது என்று விளக்கினார்கள். ஏறத்தாழ நூறு கோடி ஆண்டுகளுக்குள் முதல் நெருப்பின் தடம் மங்கிவிடுகிறது. ஹீலியத்தின் நெருப்பு மிச்சத்தையும் எழுதி அழித்துவிடுகிறது. பழைய ஓலையில் முன்னிருந்த எழுத்தைச் சுரண்டிவிட்டு மேலே எழுதியது போல. முதல் எழுத்தைப் படிக்க வேண்டுமானால் இரண்டாவது கை எழுதத் தொடங்குமுன் சென்றுவிட வேண்டும். ஆய்வாளர்கள் செம்பெயர்ச்சி 5க்கு மேற்பட்ட குவாசார்களை விடாமல் தேடிச் செல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

மறதிக்கும் ஒரு மாற்று இருக்கிறது. சூடான வாயு அழுத்தத்தால் உப்பிப் பரவுகிறது. சிறு சிறு மேடுபள்ளங்கள் மழுங்கிப் போகின்றன. சூடு தணிந்த பிறகும் மழுங்கிய வடிவம் உடனே கூர்மை பெறுவதில்லை. இன்றைய வெப்பநிலை மறந்ததை வடிவம் நினைவில் வைத்திருக்கிறது. 2017இல் ஆல்பெர்ட்டோ ரோராய், ஜோசஃப் ஹென்னாவி ஆகியோரின் குழு, வானத்தில் மிக அருகருகே தெரியும் குவாசார் இணைகளின் ஒளியை ஒப்பிட்டு இந்த மழுக்கத்தை நேரடியாக அளந்தது. ஒரே வாயுத்திரளின் இரு ஓரங்களைத் துளைத்து வரும் இரு ஒளிக்கதிர்கள் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்பதே அளவுகோல். மழுக்கத்தின் நீளம் 3 லட்சம் ஒளியாண்டு அளவில் இருந்தது.

*

நெருப்புக்கு முந்தைய காலம் என்னாவது? அங்கே வாயு சூடாக இல்லை, மிகவும் குளிர்ந்திருந்தது. அந்தக் குளிரும் ஒரு சாட்சியம்தான்.

தொடக்கத்தில் வாயுவும் பின்னணிக் கதிர்வீச்சும் ஒரே வெப்பநிலையில் இருந்தன. பெருவெடிப்புக்குப் பின் ஒரு கோடி ஆண்டு அளவில் இரண்டும் பிரிந்தன. வாயு கதிர்வீச்சைவிட வேகமாகக் குளிரத் தொடங்கியது. கதிர்வீச்சின் வெப்பநிலை பின்னோக்கிச் செல்லச் செல்ல உயர்கிறது என்பது வெறும் கொள்கை அன்று. 2000ஆம் ஆண்டில் புணேயிலுள்ள ஐயூகா நிறுவனத்தின் ஆர். ஸ்ரீஆனந்த், பாட்ரிக் பெத்திஜான், செட்ரிக் லெதூ மூவரும் தொலைதூர வாயு ஒன்றிலுள்ள கார்பன் அணுக்களைக் கொண்டு, செம்பெயர்ச்சி 2.34இல் கதிர்வீச்சு 6க்கும் 14க்கும் இடைப்பட்ட கெல்வினில் இருந்ததைக் காட்டினார்கள். கொள்கை எதிர்பார்த்தது 9.1, இன்றைய அளவு 2.725. இந்தக் கணக்கைச் செம்பெயர்ச்சி 17 வரை நீட்டினால் கதிர்வீச்சு 49 கெல்வின். வேறு சூடு சேராத வாயு அப்போது 7 கெல்வின் அளவில் இருந்திருக்க வேண்டும்.

அந்தக் குளிர்ந்த ஹைட்ரஜனை 21 சென்டிமீட்டர் அலைநீளத்தில் கேட்கலாம். ஜெர்மானியர் பிடியிலிருந்த நெதர்லாந்தில் 1944இல் வான் டி ஹூல்ஸ்ட் கணித்து, 1951இல் ஹார்வர்டில் யூவனும் பர்செல்லும் கண்டுபிடித்த வானொலிக் கோடு அது. முதல் விண்மீன்களின் ஒளி பட்டதும் ஹைட்ரஜன் பின்னணிக் கதிர்வீச்சை விழுங்கத் தொடங்கும். அந்தப் பள்ளத்தின் ஆழம் வாயு எவ்வளவு குளிர்ந்திருந்தது என்று சொல்லும். அலை நீண்டு, நமது பண்பலை வானொலிக்குச் சற்றுக் கீழே வந்து விழும். நமது பால்வீதியின் சொந்த இரைச்சலோ அதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு பெரிது. சந்தை இரைச்சலுக்கு நடுவே ஒருவர் பெருமூச்சு விடுவதைக் கேட்பது போன்ற வேலை.

2018 மார்ச்சில் ஜட் போமன் தலைமையிலான எட்ஜஸ் குழு அதைக் கேட்டுவிட்டதாக அறிவித்தது. மேற்கு ஆஸ்திரேலியாவின் வெறும் நிலத்தில் மேசை அளவிலான ஆன்டெனாவைக் கொண்டு, 78 மெகாஹெர்ட்ஸை மையமாக வைத்த ஒரு பள்ளத்தை அவர்கள் கண்டார்கள். பெருவெடிப்புக்கு 18 கோடி ஆண்டுகளுக்குப் பின் முதல் விண்மீன்கள் ஒளிர்ந்துவிட்டன என்பது அதன் பொருள். பள்ளத்தின் ஆழமோ அரை கெல்வின். எந்தக் கொள்கையும் அனுமதித்ததைப் போல் இரு மடங்குக்கும் மேல். வாயு அவ்வளவு குளிர்ந்திருக்க வேண்டுமானால் அதன் சூட்டை எதுவோ உறிஞ்சியிருக்க வேண்டும். கரும்பொருள் என்ற புரியாப் புதிர்தான் அந்த உறிஞ்சி என்று இஸ்ரேலின் ரென்னன் பர்கானா அதே இதழில் எழுதினார். அது உண்மையானால் இயற்பியலின் அடித்தளமே மாறும்.

அறிவியலின் வழக்கம், இவ்வளவு பெரிய சொல்லை இன்னொருவர் தனியே சரிபார்க்க வேண்டும் என்பது. பெங்களூரு இராமன் ஆராய்ச்சிக் கழகத்தில் சௌரப் சிங், ரவி சுப்ரமணியன் உள்ளிட்டோரின் குழு சரஸ் 3 என்ற கருவியை உருவாக்கியது. ஆன்டெனாவுக்கு அடியிலுள்ள நிலத்தின் அடுக்குகள் அலைகளைத் திருப்பி அனுப்பிப் பொய்யான பள்ளங்களை உண்டாக்கக்கூடும். நீர்ப்பரப்பில் அத்தகைய ஏற்ற இறக்கம் இல்லை. எனவே 2020இன் தொடக்கத்தில் கர்நாடகத்தின் தண்டிகனஹள்ளி ஏரியிலும் சராவதி அணையின் தேங்குநீரிலும் அந்த ஆன்டெனாவை மிதக்கவிட்டார்கள். 2022இல் வெளிவந்த முடிவு: எட்ஜஸ் சொன்ன வடிவிலான பள்ளம் அங்கே இல்லை, 95.3 விழுக்காடு உறுதியோடு அதை மறுக்கலாம். ஓர் இன்மையில் தொடங்கிய கதை இன்னோர் இன்மைக்கு வந்து சேர்ந்தது. விண்மீன்களின் முதல் ஒளி குறித்த வழக்கு இன்னும் முடியவில்லை. ஆனால் புதிய இயற்பியலைக் கொண்டுவரும் அவசரம் தணிந்தது.

சற்றுப் பிந்தைய காலத்துக்கு வேறு செய்தி இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் கரூ வறள்நிலத்தில் நிற்கும் ஹேரா ஆன்டெனா வரிசை, 21 சென்டிமீட்டர் அலையின் ஏற்ற இறக்கங்களைத் தேடி, இதுவரை அதைக் காணவில்லை. காணாததிலிருந்தே ஒரு முடிவு பிறந்தது. வாயு குளிர்ந்தே இருந்திருந்தால் அந்த ஏற்ற இறக்கங்கள் பெரிதாக இருந்து கருவியில் பட்டிருக்கும். ஆகவே 65 கோடி ஆண்டு வயதிலேயே அது சூடேறத் தொடங்கியிருக்க வேண்டும். விண்மீன்கள் இறந்து உருவான கருந்துளைகள் தம் துணை விண்மீன்களை விழுங்கும்போது வீசிய எக்ஸ் கதிர்கள் காரணமாக இருக்கலாம் என்று கருதுகிறார்கள்.

*

2021 டிசம்பரில் ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் விண்தொலைநோக்கி இன்று தொடக்ககால மண்டலங்களை ஒவ்வொன்றாகப் படம்பிடித்துக் காட்டுகிறது. அப்படியிருக்கக் கோட்டின் அகலத்தையும் வானொலியின் பள்ளத்தையும் வைத்து இவ்வளவு சுற்றிவளைத்துப் போக வேண்டுமா என்று ஒருவர் கேட்கலாம். தொலைநோக்கி எவ்வளவு பெரிதானாலும் பிரகாசமானவற்றையே முதலில் காட்டும். அண்டத்தை உண்மையில் சூடாக்கியதில் பெரும்பங்கு எண்ணற்ற சிறு மண்டலங்களுக்கு இருந்திருக்கலாம். அவற்றுள் மிகப்பல நம் பார்வைக்கு ஒருபோதும் வரப்போவதில்லை. வாயு அந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை. பெரியதோ சிறியதோ, மூட்டப்பட்ட ஒவ்வொரு நெருப்பின் சூடும் அதன் கணக்கில் சேர்ந்திருக்கிறது.

அரசர்களின் கல்வெட்டை மட்டும் படித்து எழுதும் வரலாறு ஒருவகை. ஊர் முழுவதும் எத்தனை அடுப்புகள் எரிந்தன என்று சாம்பலைக் கொண்டு கணக்கிடும் வரலாறு இன்னொருவகை. பெயர் தெரியாதவர்கள் இரண்டாவதில்தான் இடம்பெறுகிறார்கள். சாம்பல் ஆறிக்கொண்டிருக்கிறது, சில இடங்களில் ஏற்கெனவே ஆறிவிட்டது. இன்னும் சூடு மிஞ்சியிருக்கும் தொலைவுகளை நோக்கித்தான் இப்போது எல்லாக் கருவிகளும் திரும்பியிருக்கின்றன.